பழங்காசும் பரிசும்

காசு கொடுத்து வாழ்த்துவது நம்மவர்க்குப் புதிய வழக்கமன்று. சித்திரைப் புத்தாண்டிலே பெரியோர் கையாற் கைவிசேடம் பெறாத பிள்ளை யாழ்ப்பாணத்தில் இல்லை எனலாம். மணமகள் கழுத்தில் ஏறும் தாலிக்கொடியிலும் பவுண்காசு கோத்திருக்கும். இவற்றிலெல்லாம் காசின் விலையை எவரும் பெரிதாக நினைப்பதில்லை. கொடுத்த கையையே நினைக்கின்றோம்.

இவ்வழக்கத்தோடு இக்காலத்தில் மற்றொன்றும் வந்து சேர்ந்திருக்கின்றது. எருசலேமுக்கு யாத்திரை சென்று மீளும் கிறித்தவ அன்பர்களும், கடல் கடந்து வாழும் உறவினர்களும், விவிலிய காலத்துக் காசு எனச் சொல்லப்படும் சிறு செப்புக்காசு ஒன்றை வெள்ளிச் சட்டத்திற் பதித்து, முதல் நன்மை பெறும் பிள்ளைக்கோ குருப்பட்டம் பெறும் இளைஞருக்கோ பரிசாக அளிக்கின்றனர். அத்தகைய காசைக் கையிலே வைத்துக்கொண்டு, "இது மெய்யானதுதானா?" என்று ஆசிரியராகிய நம்மை வினவும் மாணவரும் உளர்.

நல்ல வினா. ஆயினும் இதனுள் இரண்டு வினாக்கள் அடங்கியிருக்கின்றன. காசு மெய்யானதா என்பது ஒன்று. அக்காசைப் பற்றிச் சொல்லப்படும் கதை மெய்யானதா என்பது மற்றொன்று. மெய்யான காசுக்குப் பொய்யான கதை சொல்லி விற்பவர் எக்காலத்தும் உண்டு. பரிசாகக் கொடுக்கும்போது நாம் கொடுப்பது கதையையுந்தான். ஆகவே இரண்டையும் ஆராய்வோம்.

மூன்று காசுகள்

விவிலிய காலக் காசுகளுள் மூன்று பெரிதும் விரும்பப்படுகின்றன.

முதலாவது, விதவையின் காசு. எருசலேம் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டியிலே செல்வர் பலர் நிறையப் போட, ஏழை விதவை ஒருத்தி தன்னிடமிருந்த இரண்டு சிறு காசுகளையும் போட்டாள் என்பதும், அவளே எல்லாரிலும் மிகுதியாகக் கொடுத்தவள் என இயேசுநாதர் மொழிந்தார் என்பதும் யாவரும் அறிந்தவை. கிரேக்க மூலத்தில் அக்காசின் பெயர் இலெப்டன். யூதேயாவை கி.மு. 103 முதல் 76 வரை ஆண்ட அலெக்சாந்தர் யன்னேயு என்னும் மன்னன், நங்கூரமும் விண்மீனும் பொறித்து வெளியிட்ட சிறு காசே இது என அறிஞர் பலர் கருதுவர். அதன் நிறை ஒரு கிராம் அளவே. பல அதனினும் குறைந்தவை. மன்னன் மாண்டு நூறு ஆண்டுகள் சென்ற பின்னரும் அது மக்கள் கையிற் புழங்கியது. கணக்கின்றி அடிக்கப்பட்டமையால் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றது. பரிசுப் பொருளாக அது பரவியமைக்குக் காரணமும் இதுவே.

நெடுங்காலமாக வாசிக்கப்பட்டுவரும் தமிழ் விவிலியத்தில் அவ்விரு காசுகளும் சேர்ந்து ஒரு துட்டுக்குச் சமமெனக் கூறப்பட்டிருத்தல் கவனிக்கத்தக்கது. துட்டு என்பது ஒல்லாந்தரின் செப்புக்காசுக்குரிய பெயர். தமிழிற் புகுந்து நிலைத்துவிட்டது. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தக் கும்பனியார் தம் முத்திரையிட்டு வழங்கிய காசு அது. எருசலேம் விதவையின் காணிக்கையைத் தமிழர் தமக்குப் பழக்கமான காசைக்கொண்டே எண்ணிப் பார்த்தனர்.

இரண்டாவது, வரிக்காசு. இராயனுக்கு வரி கொடுப்பது முறையோ என வினவியவர்களிடம், காசொன்றைக் காட்டுமாறு கேட்டு, அதிலுள்ள உருவம் யாருடையது என இயேசுநாதர் வினவிய நிகழ்ச்சியிலே வருவது இது. உரோமரின் தெனாரியம் என்னும் வெள்ளிக்காசு. தமிழ் விவிலியம் அதனைப் 'பணம்' என்கின்றது. ஒரு கூலியாளின் ஒருநாட் கூலி அது. அக்காலத்து இராயன் திபேரியு. அவனுடைய தெனாரியத்தின் ஒருபுறம் வாகை சூடிய அவன் தலையும், மறுபுறம் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் பெண்ணுருவும் காணப்படும்.

மூன்றாவது, யூதாசு பெற்ற முப்பது வெள்ளிக்காசுகள். இவை தீரு நகரத்துச் சேக்கல் காசுகளாயிருத்தல் கூடும் என்பர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 14 கிராம் நிறையுள்ளது. அதன் ஒருபுறம் தீரு நகரத்தார் வணங்கிய மெல்கார்த் என்னும் தெய்வத்தின் தலை, மறுபுறம் கழுகு. உருவ வழிபாட்டை வெறுத்த யூதர், ஆலய வரியை இக்காசிலேயே பெற்றனர் என்பது வியப்பன்றோ! காரணம் ஒன்றே: அதன் வெள்ளி மாற்றுக் குறையாதது.

இம்மூன்றிலும் நாம் மறக்கலாகாதது ஒன்றுண்டு. இன்று விற்கப்படுவது அவ்வகைக் காசேயன்றி, அந்த விதவையின் கையிலிருந்த காசன்று. அந்த முப்பதில் ஒன்றுமன்று. "இவ்வகையைச் சேர்ந்தது" எனச் சொல்லிக் கொடுத்தால் மெய். "இதுவே அது" எனச் சொல்லிக் கொடுத்தாற் பொய்.

கொங்கு நாட்டுத் தெனாரியம்

திபேரியு இராயனின் வரிக்காசைக் காண எருசலேம் வரை செல்லவேண்டுவதில்லை. அது தமிழ் நிலத்திலேயே புதைந்து கிடந்தது. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842 ஆம் ஆண்டு 500 க்கு மேற்பட்ட உரோம வெள்ளிக்காசுகள் ஒருங்கே வெளிப்பட்டன. கொங்கு நாட்டிற் கிடைத்த புதையல்கள் பலவற்றிலும் மிகுந்திருப்பவை அகுஸ்துராயனும் திபேரியுவும் வெளியிட்ட தெனாரியங்களே. யூதேயாவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அக்காலத் தெனாரியங்கள் சிலவாயிருக்க, நம் கொங்கு நாட்டிலே அவை குடம் குடமாகக் கிடைத்தன!

மிளகுக்கும் முத்துக்கும் கொங்கு நாட்டுப் பச்சைக்கல்லுக்கும் விலையாக வந்தவை அவை. கி.பி. 64 இல் நீரோ மன்னன் தெனாரியத்தின் நிறையையும் வெள்ளியையும் குறைத்தான். நம் வணிகர் இதனை அறியாதவரல்லர். பழைய நற்காசையே விரும்பிப் பெற்றனர். அதனாலேயே அகுஸ்து, திபேரியு காலத்தவை மிகுதியாகக் காணப்படுகின்றன என ஆய்வாளர் கூறுவர்.

புதுக்கோட்டைச் சீமையிலே 1898 இல் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் அரசனின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய வடு உண்டு. இனி இது காசாகப் புழங்கலாகாது, பொன்னாகவே கொள்ளப்படும் எனக் காட்டவே அவ்வாறு வெட்டினர் எனக் கருதுவாருளர். அப்புதையல் இன்று இலண்டன் பிரித்தானிய அரும்பொருட்சாலையில் உள்ளது. வெட்டுப்பட்ட காசு அழகற்றதென ஒதுக்குபவர் சேகரிப்பாளரல்லர். ஒரு தமிழ்ப் பட்டறையில் அக்காசு பட்ட அனுபவத்தை அந்த வடுவன்றோ நமக்குச் சொல்கின்றது!

இலங்கை மன்னன் வியந்தது

நம் தீவுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. உரோம அறிஞர் பிளினி கூறுவது இது. கிலவுதியு இராயன் காலத்திலே, அரபுக் கடலோரம் சென்ற கப்பலொன்று காற்றில் அகப்பட்டுப் பதினைந்தாம் நாள் இலங்கையை அடைந்தது. அதில் வந்தவன் உரோம வரி அதிகாரி ஒருவரின் ஊழியன். இந்நாட்டு மன்னன் அவனை ஆறு மாதம் விருந்தினனாக வைத்திருந்தான். அவனிடமிருந்த தெனாரியங்களைக் கண்ட மன்னன், அவற்றிற் பொறித்த தலைகள் வெவ்வேறாயிருந்தும் நிறை ஒன்றாகவே இருத்தலை நோக்கி, இத்தகைய நேர்மையுடைய நாட்டோடு நட்புக் கொள்ளல் வேண்டுமென எண்ணி, நால்வரைத் தூதனுப்பினான்.

ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மாஸ் என்னும் கிரேக்கர் சொல்லும் செய்தியும் இதனோடு ஒத்தது. உரோம வணிகன் ஒருவனும் பாரசீகன் ஒருவனும் இலங்கை மன்னன் அவையில், தத்தம் அரசனே பெரியவன் என வாதிட்டனர். உரோம வணிகன், "இரு அரசரின் காசுகளும் இங்குள்ளன, அவற்றைப் பார்த்துத் தாங்களே தீர்ப்பளியுங்கள்" என்றான். பொலிவுமிக்க உரோமப் பொற்காசே வென்றது.

இவ்விரு செய்திகளும் உணர்த்துவது யாதெனில், பண்டைக் காலத்தவர்க்குக் காசு வெறும் உலோகமாகத் தோன்றவில்லை என்பதே. அது ஒரு நாட்டின் வாக்கு. நிறை குறைந்தால் வாக்குத் தவறியதாகும். பழங்காசைப் பரிசாக அளிப்பவரும் அவ்வாறே ஒரு வாக்கை அளிக்கின்றார்.

கந்தரோடைக் காசு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பழங்காசுக்குப் பேர்போன ஊர் கந்தரோடை. போல் ஈ. பீரிஸ் என்னும் அறிஞர் அங்கு ஆராய்ந்து, 1917 இலும் 1919 இலும் வேத்தியல் ஆசியக் கழக இதழில் கட்டுரைகள் வெளியிட்டார். பின்னர் 1970 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியப் பல்கலைக்கழக அரும்பொருட்சாலையார் அங்கு அகழ்வாய்வு நடத்தினர். அடையாளங்கள் குத்திய பழைய வெள்ளிக்காசுகள், இலக்குமியின் உருவம் பொறித்த தகடுகள், உரோமச் செப்புக்காசுகள் எனப் பலவகை அம்மண்ணிற் கிடைத்துள்ளன. மழை பெய்து நிலம் கழுவப்பட்ட பின் காசு பொறுக்கும் வழக்கமும் அவ்வூர்ப் பக்கத்தில் இருந்தது.

உரோமக் காசு கிடைத்தது என்றவுடன், "இயேசு காலத்துக் காசு கந்தரோடையிற் கிடைத்தது" எனச் சிலர் மகிழ்ந்துவிடுகின்றனர். இவ்விடத்தே பொறுமை வேண்டும். இலங்கையிற் கிடைத்த உரோமக் காசுகளுட் பெரும்பாலானவை கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறு செப்புக்காசுகள். முதலாம் நூற்றாண்டுக் காசுகள் இங்கு மிகச் சிலவே. செப்புக்காசைக் கையில் எடுத்து விவிலிய காலத்தது என்போர், முந்நூறு நானூறு ஆண்டுகளை ஒரே பாய்ச்சலிற் கடந்துவிடுகின்றனர்.

அக்காசுகள் சிலவற்றிற் சிலுவை பொறித்திருக்கும். அதுவே அவை பிற்காலத்தவை என்பதற்குச் சான்று. இயேசுநாதர் வாழ்ந்த நாளிற் சிலுவை ஒரு கொலைத் தண்டனைக் கருவி. அதனை எந்த உரோம மன்னனும் தன் காசிற் பொறித்துப் பெருமை கொண்டானல்லன். கொன்ஸ்தந்தீன் மன்னன் கிறித்தவ சமயத்தை ஆதரித்த நான்காம் நூற்றாண்டின் பின்னரே அவ்வடையாளம் காசுகளில் இடம்பெறலாயிற்று. ஆகவே, சிலுவை பொறித்த காசொன்றைக் காட்டி, "இது பிலாத்து காலத்தது" என்று எவரேனும் கூறின், புன்னகையோடு திருப்பிக் கொடுத்துவிடுக.

இன்னுமொரு நுட்பம் உண்டு. அவ்வுரோமச் செப்புக்காசுகளைப் பார்த்து இலங்கையிலேயே அடிக்கப்பட்ட போன்மக் காசுகளும் கிடைக்கின்றன. எழுத்துத் தெளிவின்றிக் கோடுகளாயும், உருவம் சிதைந்தும் காணப்படும். இவை ஏமாற்றுவதற்காகச் செய்தவையல்ல. சில்லறைத் தேவைக்காக இங்குள்ளோர் செய்துகொண்டவை. உரோமக் காசு என விற்றால் அது போலி. இலங்கையின் பழங்காசு எனக் கொண்டால் அது மெய். ஒரே காசு, சொல்லும் கதைக்கேற்ப மெய்யும் பொய்யும் ஆகின்றது.

மெய்யும் போலியும்

இனி, போலியை இனங்காணும் வழி சிலவற்றைக் கூறுவோம். பழங்காசுகளுட் பெரும்பாலானவை, சூடேற்றிய உலோக வில்லையை இரு அச்சுகளுக்கிடையே வைத்துச் சம்மட்டியால் அடித்துச் செய்தவை. போலிகளுட் பல, வார்ப்பில் உருக்கி ஊற்றியவை. வார்த்த காசின் விளிம்பிலே இரு பாதிகள் சேர்ந்த கோடு தெரியும். மேற்பரப்பில் ஊசிமுனை போன்ற குழிகள் இருக்கும். எழுத்தின் ஓரங்கள் தேய்ந்த சவர்க்காரக் கட்டிபோல் வழவழப்பாயிருக்கும். கையால் அடித்த இரு காசுகள் ஒருபோதும் முற்றிலும் ஒத்திரா. ஒரே வெடிப்பும் ஒரே சாய்வும் இரண்டு காசுகளிற் காணப்படின், அவை ஒரே வார்ப்பிற் பிறந்த இரட்டையர் என அறிக. நிறையையும் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். திபேரியுவின் தெனாரியம் நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். மிகுதியும் வேறுபட்டால் ஐயுறுக. 'கி.மு.' என்று ஆண்டு பொறித்த காசை வாங்கியவன் கதை நகைப்புக்குரியதாயினும், அவனையொத்தவர் இன்றும் இல்லாமலில்லை.

விற்பவன் தரும் சான்றிதழை மட்டும் நம்பற்க. காசுக்குப் பொய் சொல்பவன் கடதாசியிலும் பொய் எழுதுவான். யாரிடமிருந்து, எப்போது, எங்கிருந்து வந்தது என்பதையும், அவன் உரிமம் பெற்ற வணிகனா என்பதையும் கேட்டல் வேண்டும். இசுரேல் நாட்டிலே 1978 ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் விற்போர் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லவும் அனுமதி வேண்டும். யாத்திரை செல்வோர் இதனை மனத்திற் கொள்வாராக.

காசை விளக்குதல் ஆகாது. புளியும் தேசிக்காயும் சாம்பலும் குத்துவிளக்குக்கு உரியவை. பழஞ்செம்பின் மேற் படிந்த பச்சைப் படலமே அதன் முதுமைக்குச் சான்று. அதனைத் தேய்த்து மினுக்குபவர் எழுத்தையும் சேர்த்து அழித்துவிடுகின்றார்.

நிலத்திற் கிடைத்தால்

மாணவர்களுக்குச் சிறப்பாகச் சொல்லவேண்டுவது ஒன்று. நம் நாட்டின் 1940 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, நிலத்தினுள் மறைந்து கிடக்கும் தொல்பொருள்கள் அரசுக்கே உரியவை. 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள்கள் தொல்பொருள் எனக் கொள்ளப்படும். உரிமமின்றி அவற்றை நாட்டைவிட்டு வெளியே அனுப்பலாகாது. பெட்டியிற் கிடக்கும் ஒல்லாந்தத் துட்டொன்றைக் கனடாவிலுள்ள பேரனுக்குப் பிறந்தநாட் பரிசாக அனுப்ப விரும்பும் பாட்டனாரும் இதனை அறிந்திருத்தல் நலம். இந்தியாவிலும் 1972 ஆம் ஆண்டுச் சட்டம் நூறாண்டு கடந்த காசுகளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வதைத் தடுக்கின்றது.

சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதனைச் சொல்கின்றோமல்லோம். மண்ணிலே ஒரு காசு கிடக்கும்போது, அதனருகே கிடக்கும் ஓடும் மணியும் சாம்பலும் அதற்குச் சாட்சிகள். அவை எல்லாம் சேர்ந்தே அதன் காலத்தையும், அங்கு வாழ்ந்தோர் யார் என்பதையும் சொல்லும். காசை மட்டும் பிடுங்கி விற்றுவிட்டால், விற்றவனுக்குச் சில ரூபாய் கிடைக்கும்; ஊருக்கு அதன் வரலாற்றில் ஓரேடு போய்விடும். தோட்டம் கொத்தும்போது காசு தென்பட்டால், இடத்தைக் குறித்து வைத்து, தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவித்தல் கடமை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையினரிடம் காட்டினால் அது என்ன காசு என்பதும் விளங்கும்.

கொடுக்கத் தக்கது

காசு சேர்ப்பதன் சிறப்பை அறிய நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரை நினைத்தல் தகும். 1875 முதல் 1947 வரை வாழ்ந்த அப்பெரியார் கத்தோலிக்கக் குரு. ஆயினும் நந்தியும் 'சேது' என்னும் எழுத்தும் பொறித்த யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் காசுகளை ஆராய்ந்து, மறக்கப்பட்ட அந்நாணயங்களை 1920 ஆம் ஆண்டளவில் உலகுக்கு அறிவித்தார். சைவ மன்னரின் நந்திக்காசைக் கத்தோலிக்கக் குரு போற்றினார் எனின், விவிலிய காலத்துக் காசைச் சைவராகிய நாம் போற்றுதல் வியப்பாகுமோ? அறிவுக்குச் சமயவேலி இல்லை. தமிழகத்திலே 'தினமலர்' ஆசிரியராயிருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியும் அத்தகையவர். கரூரில் அமராவதி ஆற்று மணலிற் கிடைத்த காசுகளைத் தேடி வாங்கி, படமும் அளவும் நிறையும் குறித்து நூல்களாக வெளியிட்டார். பெட்டியிற் பூட்டி வைப்பவன் காசுக்குக் காவலாளி. எழுதி வைப்பவனே சேகரிப்பாளன்.

நம் யாழ்ப்பாணத்து நிலை யாது? 1995 இல் ஊரோடு ஊர் பெயர்ந்தபோது எத்தனையோ வீடுகளின் பெட்டிகள் திறந்தபடி கிடந்தன. எஞ்சிய காசுகள் இன்றும் சில வீடுகளில் உண்டு. அவை எங்கு கிடைத்தன, யார் கொணர்ந்தார் என அறிந்த முதியவர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். காசு அழிய இரண்டாயிரம் ஆண்டும் போதாது. அதன் கதை அழிய ஒரு தலைமுறை போதும்.

ஆகவே பெற்றோர்க்கு நாம் கூறுவது இது. விவிலிய காலத்துக் காசைப் பிள்ளைக்குப் பரிசளிக்க விரும்பினால், நேர்வழியில் வாங்குக. அது எவ்வகைக் காசு, எங்கு வாங்கியது, எவ்வளவு நிறை என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வைத்துக் கொடுக்க. மெய்க்காசு கிடையாதெனில், படியைப் படி என்றே சொல்லிக் கொடுப்பதிற் குறைவொன்றுமில்லை. அதனினும் மேலான பரிசு உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருத்தல் கூடும். அப்பாச்சியின் கொட்டைப்பெட்டியிற் கிடக்கும் துட்டை எடுங்கள். அவரை அருகிலமர்த்தி அதன் வரலாற்றைக் கேட்டு, பிள்ளையின் கையாலேயே எழுதுவியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் இதற்குப் போதும்.

எருசலேம் விதவையின் காசு சிறியது. அதனைப் பற்றிய கதையை ஒருவர் கவனித்துச் சொன்னமையாலேயே அது இரண்டாயிரம் ஆண்டுகளாக வாழ்கின்றது. நம் வீட்டுக் காசுகளுக்கும் அத்தகைய ஒருவர் வேண்டும்.